குவைத்துப் பொம்மைகளின் அறை

“அண்ணி, இனிமே வெளையாட்டுச் சாமான் ஒண்ணும் அனுப்பாதீங்க. அனுப்புனதையும் யாருக்காவது தூக்கிக் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு அந்த அறை வேணும்.”

வாய் தவறிக்கூட இதைக் கேட்டுவிடாதே என்று அம்மா ரெங்கம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கலாராணி கேட்டே விட்டாள். அதுவும் வெள்ளிக்கிழமை வீடியோ கோலில், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அண்ணி விஜயலெட்சுமியின் முகத்துக்கு நேரே. போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அண்ணன் ரமேஸ்.

நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு வந்தபோது, இரண்டு அறைகளில் ஒன்று அண்ணனுக்கும் மகளுக்கும், மற்றது கெம்பஸ் முடித்து வரும் கலாராணிக்கு என்றுதான் பேச்சு. அவள் பட்டத்தோடு வந்து சேர்வதற்குள் அந்த அறையில் பொம்மைகள் குடியேறிவிட்டன. குடும்பத்தின் முதல் பட்டதாரி, முன்னறையில் அம்மாவோடு பாய் விரித்துப் படுத்து, அரிசி மூட்டையின்மேல் புத்தகத்தை வைத்து ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்குப் படித்தாள். உள்ளே ஆளுயரக் கரடி ஒன்று கட்டிலில் படுத்திருந்தது.

அறைச் சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஆணி பொம்மை. ஒன்றிலும் பொலித்தீன் கழற்றவில்லை. சமையல் செட்டு, பாடும் குதிரை, ஏறி உட்காரும் கார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் விளையாடிச் சலித்து ஒரு கண்ணைப் பிடுங்கிய பொம்மைகூட, குருட்டுப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு ராணிபோல உட்கார்ந்திருந்தது. ரமேஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவைத் துடைத்த கையோடு பொம்மைகளையும் துடைப்பான். மகளின் மூக்கைத் துடைக்க மட்டும் அம்மாவைக் கூப்பிடுவான். யார் வீட்டுக்கு வந்தாலும் பூட்டைத் திறந்து காட்டுவான். வந்தவர்கள் கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், வாயைப் பிளந்துகொண்டு திரும்புவார்கள். அந்த வாய்களில் ஆளுக்கொரு பந்தை வைத்து அடைக்கலாமா என்றிருக்கும் கலாராணிக்கு.

மகள் கிருஷிகாவுக்கு ஐந்து வயது. அவளுக்கு அந்த அறை வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். பவுடர் பூசி, கவுன் மாட்டி, பொம்மைகளுக்கு நடுவில் நிறுத்துவார்கள். கோல் முடிந்ததும் வெளியே அனுப்பிப் பூட்டிவிடுவார்கள். மற்ற நாட்களில் கார்கோ பெட்டிக்குள் வந்த குமிழிப் பொலித்தீனைப் படக் படக்கென்று உடைத்துக்கொண்டு வாசலில் கிடப்பாள்.

இது அண்ணிக்குத் தெரியாது என்றுதான் கலாராணி நம்பியிருந்தாள். தெரிந்தால் பெற்றவளுக்குப் பொறுக்காது, பூட்டுப் போய்விடும், அறை தனக்குக் கிடைத்துவிடும். அதனால் பூட்டு விஷயத்தையும் அதே கோலில் போட்டு உடைத்தாள்.

விஜயலெட்சுமியின் முகம் மாறவில்லை.

“தெரியும் கலா. நான்தான் பூட்டி வைக்கச் சொன்னேன். கையில குடுத்தா ஒரு வாரத்துல ஒடச்சிரும். நான் வந்து ஒண்ணொண்ணா என் கையால பிரிச்சுக் குடுக்கணும். அது வெளையாடுறத நான் பாக்கணும்ல?”

“நீங்க வர்றப்ப அவ பொம்மை கேக்க மாட்டா அண்ணி. போன் கேப்பா.”

திரை கறுத்தது. சிக்னல் போகவில்லை, அண்ணிதான் துண்டித்தாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ரமேஸ் குதித்தான். கெம்பஸ் போய்ப் படித்தது இதைத்தானா என்றான். இந்த டைல்ஸ், இந்த சீலிங், எல்லாம் யாருடைய உழைப்பு என்று கேட்டான்.

“அண்ணி ஒழைப்பு. நீ தொடைக்கிறதோட சரி.”

திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள், காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று அம்மா கெஞ்சினாள். போனில் காலை எங்கேயென்று தேடுவது என்று கலாராணி கேட்டாள். கேட்டுக்கொண்டே, இன்னும் பூட்டாத அறைக்குள் போய், சமையல் செட்டை ஆணியிலிருந்து பிடுங்கி, பொலித்தீனைப் பல்லால் கிழித்து, கிருஷிகாவின் கையில் திணித்தாள். பிள்ளை ஒரே ஒரு தடவை சட்டி பானையைத் தரையில் கொட்டி உருட்டினால் போதும். அண்ணனின் வாய் அடைபடும். பூட்டிவைக்க ஒரு நியாயமும் மிஞ்சாது.

ரமேஸ் பாய்ந்து வந்தான். அவசியமே இருக்கவில்லை. கிருஷிகா பெட்டியை நெஞ்சோடு பிடித்து, அப்பா கையிலிருந்த போனைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல் தெரியச் சிரித்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். யாரும் படம் எடுக்கவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெட்டியை அதன் ஆணிக்கு நேர் கீழே பக்குவமாக வைத்தாள்.

“அப்பா, பூட்டலையா?” என்றாள்.

“பாத்தியா,” என்றான் ரமேஸ், பெருமையோடு. “அஞ்சு வயசுப் புள்ளைக்கு இருக்குற புத்தி ஒனக்கு இல்ல.”

கலாராணி அண்ணனைப் பார்த்தாள். திட்டுவதற்கென்று சேர்த்துவைத்திருந்த சொற்களில் ஒன்றைக்கூட அவனுக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை. பதுளை டவுனில் அறை எடுத்திருந்த கெம்பஸ் தோழி றிஸ்னி, கூட இருக்க வாடி என்று மாதக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே அறை கிடைத்துவிடும், பொறு என்று இழுத்தடித்தவள் இவள்தான். ரமேஸ் பூட்டை மாட்டித் திருகுவதற்குள், இன்னைக்கே வர்றேன் என்று றிஸ்னிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாள்.

புத்தகங்களும் நான்கு உடுப்பும் ஒரு பைக்குள் அடங்கின. அம்மா பின்னாலேயே வந்தாள். சமையல்கட்டில் விறகைத் தள்ளி இடம் பண்ணித் தருகிறேன் என்றாள். படிக்க மேசை ஒன்று செய்து தர ஆசாரியிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றாள். கடைசியில், அண்ணனின் கோபம் ஆறும்வரையாவது இரு என்றாள்.

“அவன் கோவம் ஆறட்டும்னு காத்துக் கெடக்கவா நான் படிச்சேன்?”

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கலாராணி செருப்பை மாட்டி, பையைத் தோளில் ஏற்றி, தேயிலைக்கு நடுவே இறங்கும் படிகளில் பஸ் பாதைக்கு இறங்கிப் போனாள்.