பன்னிரண்டு குச்சிகள்

1

1982இல் ஒரு நாள், குனோங் ராபாட் ஊருக்குப் போகும் பேருந்திலிருந்து ஒரு மூலை வீட்டைப் பார்த்தேன். பக்கத்தில் பெரிய வெளி. அதில் இரண்டு வரிசையாகக் குச்சிகள் ஊன்றிக் கயிறு கட்டியிருந்தது. பேருந்து நின்ற நேரத்தில் எண்ணினேன். பன்னிரண்டு. இந்தக் கதையில் நான் கண்டது அவ்வளவுதான். மனிதர்களை நான் சேர்த்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘சுண்ணாம்பு மலைகளின் அடியில், மாலை வெயில் பொன்னாக—’

அடித்துவிட்டேன். நான் சேர்த்த ஆம்புரோஸ், மலையைப் பார்க்கிற ஆள் இல்லை.

2

அவன் தரையைப் பார்க்கிற ஆள். ஐம்பத்து மூன்று வயது. பத்து காஜா ஊர்ப் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மனைவி இருதயமேரியோடு இங்கே வந்தான். வந்து எட்டு மாதம். அவள் ஒரு நாளும் வெளியே வந்து உட்கார்ந்ததில்லை. அடுப்படிக் கதவோரம் நிற்பாள், உள்ளே போவாள், மறுபடி வந்து நிற்பாள்.

சிலிபின் பக்கம் முடி வெட்டும் கடையில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. அதில் ஒரு படம். மரத்தூண்கள், மேலே குறுக்குச் சட்டங்கள், சட்டங்களில் கொடி. கீழே ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் ஒரு வேலையும் செய்யவில்லை. ஆம்புரோஸ் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தான். கேட்டுவிட்டுத்தான் தாளைக் கிழித்துக்கொண்டான்.

“பெர்கோலாவாம்” என்று அவளிடம் காட்டினான்.

“கூரை எங்க?”

“கூரை கெடையாது. கொடி படரும்.”

“மழ பேஞ்சா?”

“நனைய வேண்டியதுதான்.”

“அதுக்குப் பந்தல் எதுக்கு? சும்மாவே நனையலாம் லா.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் படத்தைத் திருப்பித் தரவில்லை. (இந்த வரியைச் சேர்ப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நம்பிக்கை தருகிற வரி. இருக்கட்டும்.)

3

பந்தலின் அகலம், குச்சி வரிசை இரண்டுக்கும் இடையே, பன்னிரண்டு அடி. வேறொரு தாளில் அவனே பென்சிலால் எழுதியது; குச்சிகளைக் காலால் அளந்து ஊன்றியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம், குழி தோண்டிச் சிமெண்டு போடுகிற சதாசிவம் வந்து டேப்பைப் பிடித்தான்.

“அண்ணே, தாள்ல பன்னெண்டு. தரையில இருபது.”

“பன்னெண்டுதான் வெச்சேன்.”

“டேப்பு பொய் சொல்லுதா? இருபதடிக்குச் சட்டம் போட்டா நடுவுல தொங்கிடும். தண்டவாளம் வாங்கியாரட்டுமா?”

ஆம்புரோஸ் ஒரு வரிசையைப் பிடுங்கினான். மறுபடி நடந்து, கால் நின்ற இடத்தில் ஊன்றினான். இருபது. இன்னொரு முறை. இருபது.

“காலக் கழட்டி வெச்சிட்டு டேப்பப் பிடிங்கண்ணே. திங்கக்கெழம காலைல தோண்ட வாரேன்.”

டேப்பை விட்டுவிட்டுத்தான் போனான். இருட்டும்வரை ஆம்புரோஸ் நடந்துகொண்டேயிருந்தான். டேப்பைத் தொடவில்லை.

(முந்தைய பிரதியில் அவனுக்கு இரண்டு புட்டி கள் கொடுத்திருந்தேன். தவறுக்குச் சுலபமான காரணம். எடுத்துவிட்டேன்.)

அவன் மறந்ததை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட மனம் வரவில்லை. தோட்டத்தில் ரப்பர்க் கன்று நடும் முன், குழி வரவேண்டிய இடங்களில் குச்சி ஊன்றுவது அவன் வேலை. இருபத்தொரு வருடம். முதலில் சங்கிலி வைத்து அளந்தான். பிறகு கால் போதும் என்றானது. ஒரு மர வரிசைக்கும் அடுத்ததற்கும் இருபது அடி. அந்த வரிசையைத் தோட்டத்தில் நெரை என்பார்கள். அவன் குச்சிகள் மரங்களாயின. அந்த மரங்களில் இருதயமேரி பட்டையைச் சரிவாகக் கீறிப் பால் வெட்டினாள்.

4

ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அவளைக் கூப்பிட்டான்.

“எங்க உக்காரணும்னு நீயே பாத்துச் சொல்லு.”

வந்தாள். கோயிலுக்கு உடுத்திய சேலையோடு குச்சி வரிசையோரம் நடந்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் குச்சியிடம் நின்றாள். லேசாகக் குனிந்தாள். வலது கை உயர்ந்து, இடமேலிருந்து வலக்கீழாக ஒரு கோடு இழுத்தது. அடுத்த குச்சி. நின்றாள், குனிந்தாள், இழுத்தாள். மூன்றாவது. நான்காவதில்தான் தன் கையைத் தானே பார்த்தாள்.

“இது எத்தனாவது நெரை?” என்று கேட்டாள்.

ஆம்புரோஸ் இரண்டு வரிசையையும் பார்த்தான். பிறகு தன் கால்களை.

“நான் பன்னெண்டுதான்—”

“இங்கயும் கொண்டாந்துட்டீங்களா?”

5

முடிவு ஒன்று: அவன் டேப்பை எடுத்து அளவைத் திருத்துகிறான். பந்தல் எழும்புகிறது. கொடி பூக்கிறது. அவள் உட்காருகிறாள். எழுதிப் பார்த்தேன். நான் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு இரண்டு: அவள் அடுப்படிக்குப் போய்க் கதவை—

வேண்டாம். எட்டு மாதமாக அதைத்தான் செய்கிறாள்.

மூன்றாவது முடிவு இல்லை, இவ்வளவுதான். அவள் நான்காவது குச்சியைப் பிடுங்கினாள். அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“குடு, நான் வெக்கிறேன்” என்று ஆம்புரோஸ் கை நீட்டினான்.

“சும்மா இருங்க.”

குச்சியோடு கயிற்றைத் தாண்டி வெளியே போனாள். அவன் இரண்டடி பின்தொடர்ந்தான். கால் தானாக அளக்கத் தொடங்கியது. நின்றுவிட்டான்.

நாளைக் காலை சதாசிவம் வருவான். அதற்குள் அவள் குச்சியை எங்காவது ஊன்ற வேண்டும். வேலியோரமா, வாழையடியா, நட்ட நடு வெளியிலா, எனக்குத் தெரியும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். சொல்லப்போவதில்லை. அவள் வாழ்நாளெல்லாம் நின்ற இடங்கள் வேறொருவர் குச்சி ஊன்றிய இடங்கள்.

உங்களுக்கும் ஓர் இடம் தோன்றியிருக்கும். நல்ல இடமாகவே இருக்கலாம்.

ஆம்புரோஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நீங்களும் கட்டிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள்.