கெமராவுக்குச் சொன்ன நிகாஹ்

றம்ஸி எங்களிடம் ஒரு சதம்கூடக் கேட்கவில்லை. எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன் காசு பிடுங்குவான். அது அவன் தொழில். நாமும் பேரம் பேசுவோம். இவனோ, டிக்கெட்டும் நான் போடுகிறேன், ஹோட்டலும் நான் போடுகிறேன், மகளுக்கு நல்லதொரு சூட்கேசும் வாங்கித் தருகிறேன் என்றான். நான் மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்றே கிழவனானவன். மூட்டைக்கு அடியில் கல் போட்டுக் கொண்டு வருகிறவன்தான் விலையைக் கேட்காமல் சிரித்துக்கொண்டு நிற்பான்.

என் மகள் நஸ்மியா அதைக் காதில் வாங்கவில்லை. புருஷன் தலாக் சொல்லிப் போய், அதற்குப் பிறகு வீட்டோடு காத்திருக்கிற இத்தா மாதங்களும் முடிந்து, தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. பினாங் என்றொரு தீவில் ஒபிஸ் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலையாம். ஆனால் வேலைக்குப் போகிறோம் என்று சொன்னால் ஏர்போட்டில் மறிப்பார்களாம். தனியாகப் போகிற பொம்பிளையைத் துருவித் துருவிக் கேட்பார்களாம். அதனால், புதிதாகக் கல்யாணம் முடித்த ஜோடி விடுமுறைக்குப் போகிறது என்று காட்டிப் போகவேண்டும். இறங்கின பிறகு மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"அவங்கன்னா யாரு?" என்று கேட்டேன்.

"கம்பனி, மாமா," என்றான் றம்ஸி.

"கம்பனிக்குப் பேர் இல்லையா?"

"இங்கிலீஷ் பேர். சொன்னா ஒங்களுக்கு விளங்காது."

"அப்ப முதலாளிட வாப்பா பேரச் சொல்லு. அது விளங்கும்."

அவன் சிரித்தான். பேரைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளையாக நடிக்க அவன் கூட்டிவந்தது அன்ஸாப் என்ற பொடியனை. கலேவெலக்காரன். சீகிரியாவில் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கி த்ரீவீல் ஓட்டுகிறவன். அவனுக்கும் அங்கே அதே வேலையாம். இரண்டு பேரையும் எங்கள் வீட்டு ஹோலில் உட்காரவைத்து, றம்ஸி போனில் படம் படமாகக் காட்டிப் பாடம் நடத்தினான். பிறகு ஏர்போட் அதிகாரி மாதிரிக் குரலை மாற்றிக் கேட்பான்.

"எதுக்குப் போறீங்க?"

"ஹனிமூனுக்கு," என்பாள் நஸ்மியா.

"அங்க என்ன பாக்கப் போறீங்க?"

"கடலோரத்துக் கோட்ட. பொறகு மலைக்கு ஏறுற ரயில். சீனக்காரங்கட பழைய வீடுகள்."

"கோட்டைய யாரு கட்டின?"

"இங்கிலீஷ்காரன்."

"நம்மட ஊர்லயும் இங்கிலீஷ்காரன் கட்டின கோட்ட இருக்கே," என்றேன் நான். "வாசல் மட்டுந்தான் மிச்சம். உள்ளுக்குப் பூரா குழி. ஆள்கள அடக்கி வெச்சிருக்கு. அதப் பாக்க ஒருத்தனும் ஹனிமூன் வந்து நான் காணல்ல."

"வாப்பா, கொஞ்சம் சும்மா இருங்க!"

அன்ஸாப்தான் சிரித்தான். அவன் நல்ல பொடியன் மாதிரித்தான் இருந்தான். டூரிஸ்ட் எப்படி நடப்பான் என்று நஸ்மியாவுக்குக் காட்டிக் கொடுத்தான். "ஹேண்ட்பேக்க இப்பிடி நெஞ்சோட அமுக்காதீங்க. வேலைக்குப் போற ஆள்தான் அப்பிடிப் பிடிக்கும். அண்ணாந்து பாருங்க. வெயில்னு சொல்லுங்க. சாப்பாடு உறைப்புன்னு சொல்லுங்க. காச எண்ணாம குடுங்க."

"எண்ணாமக் குடுக்க என்ட கையில எங்க காசு?" என்றாள் நஸ்மியா.

"இருக்கிற மாதிரி நடங்க. எங்கட ஊருக்கு வாறவங்கள்லயும் பாதிப்பேர் அப்பிடித்தான்."

அவள் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இவ்வளவு கதைக்கிற அன்ஸாப், றம்ஸி அந்தக் கோட்டைப் படத்தைக் காட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும்.

பிறகு றம்ஸி கல்யாண வீடியோ வேண்டும் என்றான். ஏர்போட்டில் சந்தேகப்பட்டால் போனைத் திறந்து காட்டவேண்டுமாம். நிகாஹ் சொல்லுகிற இடமும் அதில் வரவேண்டுமாம்.

"நான் அதுக்கு வரமாட்டேன்," என்றேன். "நிகாஹ் என்ன நாடகமா?"

"பரவாயில்ல மாமா. ஒங்கட வயசுல ஒருத்தரக் கூட்டிட்டு வாறேன். தொப்பியப் போட்டு வாப்பான்னு உக்கார வெச்சாச் சரி."

அங்கேதான் நான் பிடிபட்டேன். என் மகளை நிகாஹ் செய்து கொடுக்கிற வலியாக, என் வீட்டு ஹோலில், வேறு எவனோ வாப்பா என்று உட்காருவதா? "எவனும் வரத் தேவையில்ல. நானே இருக்கிறேன்," என்றேன். றம்ஸி தலையாட்டினான். நான் அப்படித்தான் சொல்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் எடுத்தார்கள். பஸாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிற முத்துவீரன் கெமராவோடு வந்து, "கல்யாண வீடுன்னாங்க, பிரியாணி வாசத்தையே காணோமே முதலாளி," என்று கேட்டார். சுவரில் பச்சைத் துணி கட்டினார்கள். றம்ஸி ஒரு பக்கம், அவன் வேன் டிரைவர் ஒரு பக்கம், இரண்டு பேரும் தொப்பியோடு சாட்சிகள். நடுவில் நானும் அன்ஸாபும் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டோம். முத்துவீரன் சொல்லித்தந்தபடி நஸ்மியாவிடம் திரும்பி, "சம்மதமா மகள்?" என்று கேட்டேன். கெமராவைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "சம்மதம்," என்றாள்.

"வாய மட்டும் அசைங்க மாமா," என்றான் றம்ஸி.

எனக்கு அது வரவில்லை. அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் தொடங்கிவிட்டு வாயை மட்டும் எப்படி அசைப்பது? என் மகள் நஸ்மியாவை உனக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று சத்தமாகவே சொன்னேன். அன்ஸாபின் கை என் கைக்குள் நனைந்து குளிர்ந்திருந்தது. "ஏற்றுக்கொண்டேன்," என்றான் அவனும், சத்தமாக.

"கட்!" என்றார் முத்துவீரன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் நானும் சிரிக்கவில்லை.

ஜும்ஆத் தொழுகையில் எனக்கு மனசு நிற்கவில்லை. முடிந்ததும் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைத் தனியாகப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் வயசில் என் மகன் மாதிரி. ஆனால் சட்டென்று முகம் மாறிவிட்டது.

"இந்த விஷயத்துல விளையாட்டு இல்ல, சாலிஹ் நானா. விளையாட்டாச் சொன்னாலும் நிகாஹ் நிகாஹ்தான். வலி நீங்களே சொல்லியிருக்கீங்க. அவர் ஏத்திருக்கார். சாட்சி ரெண்டு பேர். மகளும் சம்மதம் சொல்லியிருக்கு."

"அது கெமராவுக்கு, ஹஸ்ரத்."

"கெமரா இல்லாட்டியும் அதே வார்த்ததானே?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். நஸ்மியா கத்திரிக்கோலை மேசையில் போட்டாள். "அப்ப யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்கு நான் பொண்டாட்டியா?" என்று கேட்டாள். றம்ஸிக்குப் போன் எடுத்தேன். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "நல்லதாப் போச்சே மாமா. இப்ப ஒரிஜினல்!" அன்ஸாபுக்கு நானே எடுத்துச் சொன்னேன். "மெய்தானா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

"மருமகனே," என்றேன், "ஞாயித்துக்கிழம பகலைக்கு வாங்க. முதல் சாப்பாடு எங்கட வீட்ல."

அன்பில் கூப்பிட்டதில்லை. திங்கட்கிழமை காலையில் என் மகளைக் கொண்டுபோகிற ஆளின் முகத்தை ஒரு தரமாவது பக்கத்தில் பார்க்கவேண்டும். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை மாமனாரோடு ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஒரே தட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தை ஒளிக்க இடமில்லை.

நஸ்மியா கோபத்தோடு சமைத்தாலும் நன்றாகத்தான் சமைத்திருந்தாள். பாயை விரித்து, சஹனை நடுவில் வைத்து, நெய்ச்சோறும் இறைச்சியும் போட்டுவிட்டுக் குசினி வாசலுக்குள் நின்றுகொண்டாள். நான் பிஸ்மி சொல்லிக் கை வைத்தேன். இறைச்சித் துண்டை வழக்கப்படி அவன் பக்கம் தள்ளினேன். அவன் சோற்றில் விரலை வைத்தான். அப்படியே வைத்திருந்தான்.

"சாப்பிடுங்க. நஞ்சு போடல்ல."

"மாமா," என்றான். "என்னால ஏலாது."

"என்ன ஏலாது?"

"இந்தச் சோத்தத் தின்னுட்டு அவங்களக் கூட்டிட்டுப் போக ஏலாது."

குசினிப் பக்கம் ஒரு பாத்திரம் சத்தம் போட்டது. பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான், கையைச் சோற்றிலிருந்து எடுக்காமலே.

அவனுடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர் நௌபர், இதே மாதிரி விடுமுறைக்கு என்று போனவர். போய்ச் சேர்ந்ததும் அந்தக் கோட்டைக்கு முன்னால் நின்ற படம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகும் படம் வந்தது, ஆனால் அதே படம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அதே படம். சாப்பிட்டாயா என்று கேட்டால் அதே படம். குரல் வருவதில்லை. கடைசியில் எழுத்தில் வந்தது: இங்கே தீவும் இல்லை, கடலும் இல்லை. இராத்திரியில் லொறியில் எங்கேயோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி. ஊர் ஊராக ஆள்களைப் போனில் ஏமாற்றுகிற வேலை. செய்யாவிட்டால் உடம்பில் கரண்ட் பிடிக்கிறார்கள். இரண்டு ஆள் வந்தால் என்னை விடுவார்கள். நீ ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா.

"றம்ஸிக்கு இது தெரியுமா?"

"தெரியாம இருக்குமா மாமா? அவர்தான் ஒங்கட மகளக் காட்டினது. புருஷன் இல்லாத புள்ள, வாப்பா வயசாளி, தேடி வர ஆள் இல்லன்னு சொன்னார்."

நஸ்மியா வெளியே வந்தாள். நான் பார்த்ததில் அவள் இவ்வளவு மெதுவாகக் கதைத்ததே இல்லை.

"என்னக் குடுத்து ஒங்கட நானாவ எடுக்கப் பாத்தீங்களா?"

"அப்ப நீங்க எனக்கு யாரோ ஒரு ஆள்."

"இப்ப?"

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். சஹன் ஆறிப்போனது. பொலிஸுக்குப் போவோம் என்றேன். இன்றைக்குப் போனால் நாளைக்கு நானாவை முடித்துவிடுவார்கள் என்று என் காலைப் பிடித்தான். இரவு முழுக்க யோசித்தும் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், என் மகள் அந்த வேனில் ஏறமாட்டாள்.

திங்கட்கிழமை வெளிச்சம் வந்ததும் றம்ஸியின் வேன் வந்து நின்றது. அன்ஸாப் அதற்கு முதலே தன் த்ரீவீலில் வந்து, மிளகு காயப்போடுகிற முற்றத்தில் நின்றிருந்தான். பையொன்றும் கொண்டுவரவில்லை.

"எங்க சூட்கேஸ்?" என்றான் றம்ஸி. அவன் கையில் இரண்டு பாஸ்போட்டும் இருந்தன.

"மகள் வரல்ல," என்றேன். "மருமகனும் வரல்ல. அந்தப் பாஸ்போட் ரெண்டையும் வெச்சிட்டுப் போ."

"மாமா, வெளையாடாதீங்க. டிக்கெட் போட்டாச்சு. பேர் குடுத்தாச்சு."

"யாருக்குக் குடுத்த? முதலாளிட வாப்பாவுக்கா?"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு அன்ஸாபைப் பார்த்தான். "நீ யோசிச்சுத்தான் செய்றியா?" என்று கேட்டான். கோபமே இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரிக் கேட்டான். அன்ஸாப் தலையாட்டினான். "சரி," என்றான் றம்ஸி. "எனக்கு ரெண்டு பேர் வேணும். எந்த ரெண்டு பேர்ங்கிறது எனக்குப் பெரிய விஷயமில்ல. ஒங்கட உம்மாவுக்கும் பாஸ்போட் இருக்குதானே, உம்ராவுக்கு மக்கா போக எடுத்தது? நானா வரச்சொல்றார்னு சொன்னா பாவம், ஓடி வருவாங்க."

பாஸ்போட்டுகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேனில் ஏறினான். ஏர்போட்டுக்குப் போவதானால் கண்டிப் பக்கம் திரும்பவேண்டும். வேன் கலேவெலக்குப் போகிற தம்புள்ளைப் பக்கம் திரும்பியது.

அன்ஸாப் உம்மாவுக்குப் போன் எடுத்தான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடிக்கப் போகும்போது அவன் போனே அடித்தது. நௌபர். எழுத்து இல்லை, படம் இல்லை, குரல். அவசரத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அமுக்கிவிட்டான்.

"ஏறிட்டியா?" என்றது அந்தக் குரல். பின்னால் நிறையப் பேர் தட்டச்சு அடிக்கிற சத்தம், மழை மாதிரி.

"இல்ல நானா. நான் வரல்ல."

"அவங்க?"

"அவங்களும் வரல்ல."

மழைச் சத்தம் மட்டும்.

"சரி," என்றார் நௌபர். "உம்மாட்ட சொல்லாத."

லைன் போய்விட்டது. அன்ஸாப் திரும்ப எடுத்துப் பார்த்தான். அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு பொம்பிளை மூன்று பாஷையிலும் சொன்னாள்.

நஸ்மியா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். "மாமி வீட்ல தனியவா இருக்காங்க?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். மாமி என்று அவள் சொன்னதை நானும் கேட்டேன். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஓ," என்றான் அவன். "தனியத்தான்."

அவள் போய் த்ரீவீலில் ஏறினாள். நான் மறிக்கவில்லை. பொலிஸுக்குப் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டே நானும் அவள் பக்கத்தில் ஏறினேன். என்ன வேன், என்ன நம்பர், என்ன நிறம் என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எனக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது. வெள்ளை. இந்த நாட்டில் எந்த வேன் வெள்ளை இல்லை?

அன்ஸாப் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினான். பலாபத்வெலயில் கலேவெல ரோட்டுக்குத் திரும்பினோம். நஸ்மியா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் அவனுடைய போனை வைத்து மாமியின் நம்பரைத் திரும்பத் திரும்ப அமுக்கினாள். ரோடு நீளத்துக்கும் வெறுமையாகக் கிடந்தது. வேன் எங்கள் கண்ணில் படவில்லை.