திரைக்கு அந்தப் பக்கம்

கச்சேரி ரோட்டு டிஸ்பென்சரியில் அன்று டாக்டர் சுப்பராமன் திரையைத் தானே கட்டினார். மனைவி கோமளத்தின் பழைய அரக்குச் சேலை அது. முகம் காட்டாத கோஷா பெண்கள் வரும் நாட்களில் அறையின் குறுக்கே கட்டுவார்கள். அந்தச் சேலையால் அவருக்கு மயிலாப்பூர் முஸ்லிம் வீடுகளில் ஏகப்பட்ட நல்ல பேர். பெண்பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டார், குரலைக் கேட்க மாட்டார், கையை மட்டும் பார்த்து நோயைச் சொல்லிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இப்போது அதை நினைக்கவே கூசியது.

நாலு மாதத்துக்கு முன்னால் இதே சேலைக்கு வெளியே ஹாஜிரா பீயின் இடது கை வந்து தொங்கியது. முழங்கைக்குக் கீழே, தசைக்குள் ஆழத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கேள்விகளை வழக்கம்போலப் புருஷன் மெஹபூப் அலியிடம் கேட்டார். வளர்கிறதா? வளர்கிறது. வலிக்கிறதா? சாயங்காலமானால் அழுகிறாள். உள்ளேயிருந்து அவள் உருதுவில் மெல்ல ஏதோ சொன்னாள். அது ஒன்றுமில்லை என்று மெஹபூப் அலி கையை ஆட்டினார். இவரும் சரி என்று விட்டுவிட்டார். தசையில் புற்று என்று முடிவு கட்டினார். துண்டு வெட்டிச் சோதித்தால் பரவிவிடும், முழங்கைக்கு மேலே எடுத்துவிட வேண்டும், எடுத்தாலும் இரண்டு வருஷம் இருந்தால் அதிகம் என்றார்.

ஆபரேஷன் அன்று குளோரோஃபாரம் கொடுத்து, கையிலுள்ள ரத்தம் உடம்புப் பக்கம் வடிவதற்காக அதை உயர்த்திப் பிடித்தார்கள். நர்ஸ் தாயம்மா, “கட்டி வத்துற மாதிரி கீதே டாக்டர்” என்றாள். அவருக்கும் தெரிந்தது. விரலை வைத்து அழுத்தினார், பஞ்சு மாதிரி அமுங்கியது. ஆனால் நாள் குறித்தாகிவிட்டது, வீட்டார் அழுது ஓய்ந்தாகிவிட்டது. கண்ட சந்தேகத்துக்கெல்லாம் நின்றால் வைத்தியம் நடந்த மாதிரிதான் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு அறுத்தார். எடுத்த கையை மெஹபூப் அலி வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்க் கபரஸ்தானில் அடக்கம் செய்தார்.

கையிலிருந்து வெட்டி அனுப்பிய கட்டியைச் சோதித்த மெடிக்கல் காலேஜிலிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தசைக்குள் ரத்தக் குழாய்கள் பின்னிப் பெருத்த கட்டி, அபூர்வமானது, சாதுவானது, புற்று இல்லை. கையைத் தொங்கவிட்டால் பெருக்கும், தூக்கினால் வற்றும். அதை மட்டும் எடுத்திருக்கலாம். எடுக்காமலே விட்டிருந்தாலும் உயிருக்குப் பாதகமில்லை. கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். போன கை இனி வரவா போகிறது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தினமும் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

திரையைக் கட்டி முடித்ததும் மெஹபூப் அலி ஒரு கூடை மாதுளம்பழத்தோடு வந்தார். திரைக்கு வெளியே ஹாஜிரா பீயின் பாதிக் கை நீண்டது. புண் அழகாக ஆறியிருந்தது. நீங்கள் இல்லாவிட்டால் இவள் இன்றைக்கு இல்லை என்று மெஹபூப் அலி உருகினார். அந்தப் பேச்சைத் தாங்க மாட்டாமல் டாக்டர், அவளுடைய கைக்குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தார்.

“சிந்தாதிரிப்பேட்டைல எங்கக்கா கைசர் ஜஹானாண்ட குட்த்துட்டோம் சாமி. ஏழு மாசப் புள்ள. இப்பவே அக்காவாண்ட ஒட்டிக்கினா, இவ போறப்ப தேடாது. இவதான் குட்த்துட சொன்னா.”

“எப்போ?”

“போன வெள்ளிக்கெழம.”

போன வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் டிராயருக்குள் இருந்தது. டாக்டர் முதல்முறையாகச் சேலையைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா, அன்னிக்கு உருதுவுல ஏதோ சொன்னீங்களே, என்னது?”

மெஹபூப் அலி வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். திரைக்குப் பின்னாலிருந்து இந்த முறை தமிழில் பதில் வந்தது.

“கைய தலைக்கு மேல வச்சிக்கினு தூங்குவேன். காலைல எழுந்தா கட்டி இருக்காது. வேலை செஞ்சாதான் வரும்னு சொன்னேன்.”

டாக்டர் டிராயரைத் திறந்து கடிதத்தை மேஜைமேல் வைத்தார். அது சாகிற நோய் இல்லை என்றார். கையை எடுத்திருக்க வேண்டியதே இல்லை என்றார். “வெட்டறதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம் வந்தது பாய். நின்னிருக்கணும். நிக்கலை.”

மெஹபூப் அலி எழுந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் டாக்டர் இருந்தார். அவரோ கடிதத்தையும் பழக்கூடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நா சாவ மாட்டேனா?” என்று திரைக்குள்ளிருந்து கேட்டது.

“மாட்டீங்கம்மா.”

அவள் இழுத்த ஒரே இழுப்பில் சேலை முடிச்சவிழ்ந்து விழுந்தது. அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. டாக்டரை அவள் பார்க்கவே இல்லை. புருஷனிடம், “வண்டிய சிந்தாதிரிப்பேட்டைக்கு உடச் சொல்லு” என்றாள்.

டாக்டர் ஜன்னலோரம் போய் நின்றார். வாசலில் ஜட்கா வண்டி காத்திருந்தது. பர்தாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஏறுவதற்காக அவள் இரு பக்கக் கம்பிகளையும் பற்றப்போனாள். வலது கை பிடித்துக்கொண்டது. பர்தாவுக்குள் இடப்பக்கம் ஏதோ மற்றக் கம்பியை நோக்கி அவசரமாக எழும்பி, எட்டாமல் பாதியில் நின்றது.