டியூபுக்குள் மாட்டிய பிரஷ்

கல்யாணமாகி வந்தபோது மருமகள் பெட்டி படுக்கையோடு ஒரு பெரிய மீன் தொட்டியையும் கொண்டு வந்தாள். கூடத்தில், மாமியாரின் தையல் மெஷினுக்கு எதிரே அதை வைத்தார்கள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டி அவருக்குப் பிடிக்கவில்லை என்றே மருமகள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் பஸ் ஓட்டப் போயிருந்தான். ஃபில்டரிலிருந்து தொட்டிக்குள் வேகமாக விழ வேண்டிய தண்ணீர் நூல் போல ஒழுகிக்கொண்டிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் அந்த ஃபில்டரை அவள் போன வாரம்தான் கழுவியிருந்தாள். அடைப்பு, தண்ணீர் போய்வரும் டியூபில்தான் இருக்க வேண்டும். ஃபில்டரை நிறுத்தி, வால்வுகளை மூடி, இரண்டு டியூபையும் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

முதல் டியூப் சமர்த்தாகச் சுத்தமானது. இரண்டாவதில் நீளக் கம்பி பிரஷ் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். கம்பி மட்டும் கையோடு வந்தது. பிரஷின் தலை உள்ளேயே தங்கிவிட்டது.

“என்ன, பாத்ரூம்ல பாம்பு புடிக்கிறியா?”

வாசலில் மாமியார் நின்றிருந்தார். மருமகள் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் சோப்பு போட்டா வழுக்கிட்டு வந்துடாது?”

“சோப்பு வேணாம் அத்தை, மீனுக்கு ஆகாது. வெந்நீர் ஊத்தினா டியூப் இளகும்.”

இவள் வெந்நீர் ஊற்ற, அவர் டியூபை அமுக்கி அமுக்கி உருட்டினார். உள்ளே படிந்திருந்த பழுப்புப் பாசி கழன்று கொழகொழவென்று நகர்ந்தது. பிறகு மாமியார் ஒரு முனையைக் குழாயில் செருகி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுமுனை கதவைப் பார்த்துக் கிடந்ததை இருவருமே கவனிக்கவில்லை. மருமகள் தண்ணீரை முழு வேகத்தில் திறந்தாள்.

“இங்க என்ன சத்தம்?” என்று மாமனார் எட்டிப் பார்த்தார். வெளியே கிளம்புவதற்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

பிரஷ் பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் பட்டது. பின்னாலேயே பாசி மொத்தமும் வந்து சேர்ந்தது.

மாமனார் குனிந்து பார்த்தார். “புதுச் சட்டை,” என்றார்.

“இப்ப பழசாயிடுச்சு,” என்ற மாமியாருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் மாமனாரும் சிரித்துவிட்டு வேறு சட்டை தேடப் போனார்.

டியூப்களை மாட்டி ஃபில்டரைப் போட்டதும் அது கடகடவென்று இருமியது. மருமகள் அதை இப்படியும் அப்படியும் சாய்த்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினாள். தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

“அப்பாடா, கருப்பன் கீழ இறங்கிட்டான்,” என்றார் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்த மாமியார்.

“எந்தக் கருப்பன்?”

“வாலு கிழிஞ்சவன்தான். நேத்துலேருந்தே மேல வந்து தவிச்சிட்டிருந்தான். சொல்லலாம்னு பாத்தேன். உன் மீனு, நான் ஏதாவது சொல்லப்போய் நீ தப்பா எடுத்துக்கிட்டேன்னா?”

மருமகள் அவரை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“வேற யாருக்கெல்லாம் பேரு வச்சிருக்கீங்க அத்தை?”

மாமியார், மாமனார் இருந்த அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த மூலையில குண்டா ஒருத்தன் இருக்கான் பாரு. சாப்பாடு போட்டா மட்டும் முன்னால வருவான். அவனுக்கு உன் மாமனார் பேருதான்.”