ஒலிநாடாவில் இருமியவர்

தணிகாசலத்தின் வீட்டுக்கு முதலில் வந்தவர் வரதராஜுலு. பழைய கச்சேரி ஒன்றில் ஆலாபனைக்கு நடுவே இருமியவர். தணிகாசலம் தினமும் போட்டுக் கேட்கும் அந்தக் கச்சேரி ஒலிநாடாவில் இருக்கும் இருமலைக் கேட்டுவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார்.

தணிகாசலம் அவரை உட்காரச் சொன்னார். வியப்பு ஒன்றும் இல்லை. நாடா ஒலித்தது தணிகாசலம் தன் கையாலேயே செய்த வால்வு ஆம்ப்ளிஃபயரில். டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றியதும் அவரே. மச்சினர் வாங்கிய புது மெஷினில் அதே நாடாவைப் போட்டால் பாட்டு மட்டும் கேட்கும். இதில் பாடகர் மூச்சை இழுப்பது கேட்கும். யாரோ வெற்றிலைப் பெட்டியை மூடுவது கேட்கும்.

"நல்ல இருமல்," என்றார் வரதராஜுலு. அதற்குப் பிறகு தனக்கு அப்படி ஒன்று வரவேயில்லை என்றார். மறுநாளும் வந்தார்.

பிறகு வெற்றிலைப் பெட்டிக்காரர் வந்தார். தாளத்தைத் தப்பாகப் போட்டவர்கள் சேர்ந்து வந்தார்கள். காந்திமதி அம்மாள் அன்றைய கச்சேரியில் பாதிப் பாட்டில் எழுந்து போனவர். தினமும் வந்து பாதியில் எழுந்து போனார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவருவதற்குள் பாட்டு முடிந்துவிடும். தணிகாசலம் அதை முழுசாகக் கேட்டு வெகுநாளாகிவிட்டது.

கூடம் நீண்டுகொண்டே போனது. அவர் மனைவி வைதேகி பின்வரிசைக்குக் காபி கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முன்வரிசையில் மறுபடி காபி கேட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருப்பதாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"அந்தப் புது மெஷின்ல போட்டா யாரும் வரமாட்டாங்க."

"அதுல போட்டா அந்தக் கச்சேரில நானே இருக்க மாட்டேனே," என்றார் தணிகாசலம்.

வெள்ளிக்கிழமை பாட்டு நடுவில் நின்றது. நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் பாடகர் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தினம் மொதல்லேருந்து பாட வேண்டியிருக்கு சார். உங்க மெஷின்ல ஒரு சங்கதியைக்கூட முழுங்க முடியல. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்."

தணிகாசலம் சுவிட்சை அணைத்தார். வால்வுகளின் செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல அடங்கியது. பாடகர் உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

கூடத்தில் யாரும் அசையவில்லை. எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள்.

"மிச்சத்தை நீங்க பாடுங்க," என்றார் காந்திமதி அம்மாள்.

"எனக்குப் பாடத் தெரியாதும்மா."

"தெரியும்னு யாரும் சொல்லலியே."

மறுத்துப் பேச அவருக்குத் தெம்பில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாட்டு நின்ற அடியை எடுத்தார். குரல் கம்மியது. ஒரு இடத்தில் இரண்டாகப் பிளந்தது. அவர் நிறுத்தவில்லை.

வைதேகி கையில் பையோடு அடுக்களையிலிருந்து வந்தாள். வாசலை நோக்கி நடந்தாள். வெகுதூரம் நடந்தாள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவ்வளவு தொலைவில் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. சற்று உரக்கப் பாடினார்.