முப்பதாவது பாட்டு

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் முப்பது என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் முப்பது. டிவியில் பெட்டியை மாட்டி, தரையில் ரப்பர் மேட் ஒன்றை விரித்து, திரையில் ஏறி வரும் அம்புகளுக்கு ஏற்பக் காலால் மிதித்து ஆடுகிற விளையாட்டை நாங்கள் தயாரிக்கிறோம். அதில் முப்பது பாட்டுக்கு மேல் அவர் விடவே மாட்டார். முப்பத்தொன்றாவது எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும், "வச்சுக்கோங்க, வீட்ல கேளுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

என் வேலை மேட் சோதிப்பது. ஒரு நாளைக்கு நாற்பது மேட். ஒவ்வொன்றிலும் நான்கு அம்புகள், ஒவ்வோர் அம்பிலும் ஐம்பது மிதி. எட்டாயிரம் என்று கணக்கு வந்தது. தப்பாக இருக்குமோ என்று மறுபடி போட்டேன். எட்டாயிரம்தான். இருபத்திரண்டு வயதில் முழங்கால் வலிக்கிறது என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றியதால் யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டில் எந்த அம்பு எப்போது வர வேண்டும் என்று வைக்கிறவர் வேறொருவர். ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் யோசிப்பார் என்பதால் அவர் கொக்கு. இருபத்தொன்பது பாட்டுக்கு அவரே வைத்து முடித்திருந்தார். கடைசி இடத்துக்கு இரண்டு பாட்டுகள் போட்டியில் இருந்தன. ஒன்று தலைதெறிக்க ஓடுவது. அதற்கும் அவர் வைத்துவிட்டார். மற்றது மெதுவானது.

"இது பாட்டா, கொட்டாவியா?" என்று அதை என் மேசையில் போட்டார். "நீ வேணா வச்சுப் பாரு. வியாழக்கிழமை மேடம் ரெண்டையும் ஆடிப் பார்ப்பாங்க. உன்னோடது தேறினா அடுத்த மாசத்துலேருந்து என் பக்கத்து நாற்காலி உனக்கு. தேறலன்னா மேட் இருக்கவே இருக்கு."

அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். கைப்பிடி ஒன்று உடைந்திருந்தது. ஆனால் உட்காரலாம்.

திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறிலிருந்து எட்டு வரை எனக்கு ஒலிப்பதிவு வகுப்பு. தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அங்கே விதி. கேட்ட ஒலி, கற்றது, சந்தேகம் என்று பக்கத்தில் மூன்று பத்தி பிரிக்க வேண்டும். எனக்கு மூன்றாவது பத்திதான் எப்போதும் முதலில் நிறையும்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு இல்லை. அம்மா வேலை முடிந்து வந்து, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. காலை ஆறு மணிக்கு நிற்கத் தொடங்கினால் மூன்று மணி வரைக்கும் நிற்க வேண்டும்.

"அம்மா, ஒரே ஒரு பாட்டு ஆடேன்."

"நாள் பூரா நின்னுட்டு வந்தவளை ஆடச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?"

"ஆடத் தெரியாத ஒருத்தர் எப்படி மிதிக்கிறாங்கன்னு பார்க்கணும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா." சொல்லிக்கொண்டே எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

முதலில் கொக்கு வைத்த எளிய பாட்டு ஒன்றைப் போட்டேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் திரையில் செம்மஞ்சள் எழுத்தில் தாமதம், தாமதம் என்று வந்துகொண்டே இருந்தது. பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

"உன் பெட்டிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. போன தடவையும் இதையேதான் சொல்லிச்சு."

"களைப்பா இருக்கேல்ல, அதான்."

அம்மா சோபாவுக்குத் திரும்பிப் போய்ப் பாதத்தை அமுக்கிக்கொண்டாள்.

எந்த மிதி எவ்வளவு தாமதம் என்பதை, அலுவலகத்திலிருந்து நான் கொண்டுவந்திருந்த சோதனைப் பெட்டி குறித்து வைக்கும். நாற்பது மிதிகளை எடுத்து வரிசையாக எழுதினேன். எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு, நொடியில் பத்தில் ஒரு பங்கு. களைத்த கால் அவ்வளவு பிந்தித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் முப்பது பாட்டிலும் அம்மா மாதிரி நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு என்று ஒன்றுகூட இல்லை. இருக்கிற இந்தக் கொட்டாவியை அவர்களுக்காகவே செய்தால் என்ன? அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் பாட்டில் நான் வைத்திருந்த எல்லா அம்புகளையும் அந்தப் பத்தில் ஒரு பங்கு பின்னால் தள்ளினேன்.

"இப்ப ஆடும்மா."

சரி, சரி, சரி என்று பச்சையில் வந்தது. அம்மா கடைசி வரைக்கும் ஆடினாள். முடிந்ததும், "இது பரவாயில்ல, மரியாதை தெரிஞ்ச பாட்டு" என்றாள்.

புதன்கிழமை வகுப்பில் பாதி நேரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேடம் சோதனை அறைக்கு வந்தார். முதலில் கொக்கின் வேகப் பாட்டு. ஆடி முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது, ஆனாலும் தலையை ஆட்டினார். அடுத்து என்னுடையது. முதல் மிதிக்கே திரை சீக்கிரம் என்றது. இரண்டாவதும் சீக்கிரம். மேடம் வேண்டுமென்றே தயங்கி மிதித்துப் பார்த்தார். தாளம் ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம். பாதியில் இறங்கிவிட்டார்.

"யாராவது வீட்ல ஆடிப் பார்த்தாங்களா இதை?"

"எங்கம்மா ஆடினாங்க மேடம். அவங்களுக்குச் சரியா வந்துச்சு."

கொக்கு சிரித்தார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுங்கிற மாதிரி, குஞ்சோட பாட்டும் பொன் பாட்டுதான்."

எங்கள் வீட்டு டிவியில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று அப்போதே ஒரு நினைப்பு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கொக்கு அடுத்ததாகச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அதை விழுங்கிவிட்டேன்.

"நாளைக்கு நாலு மணிக்குப் பட்டியல் போகுது" என்று மேடம் செருப்பை மாட்டிக்கொண்டார். "இப்போதைக்கு வேகப் பாட்டுதான் முப்பது."

அன்று பிற்பகல் இருபத்திரண்டு மேட் மிதித்தேன். நாற்காலியின் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்தேன். எங்கே தப்பு செய்தேன் என்று வரிசையாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அதனால் தப்பு குறைந்ததாகச் சொல்ல முடியாது. எழுத இடம் தேடும்போது முந்தின நாள் பக்கம் கண்ணில் பட்டது. கற்றது என்ற பத்தியில், கோணல் மாணலான என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'வயர் இல்லாத ஸ்பீக்கரில் ஒலி தாமதமாக வந்து சேரும். நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல்.' சந்தேகம் என்ற பத்தியில்: 'இது எனக்கு எங்கே பயன்படப்போகிறது?'

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் டிவியின் ஸ்பீக்கர் போன வருஷமே கெட்டுப்போய்விட்டது. அதற்குப் பதிலாக நான் வாங்கிய வயர் இல்லாத ஸ்பீக்கர், குளிர்சாதனப் பெட்டியின் மேல், நீல விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது.

வகுப்புக்குக் கொண்டுபோகும் பையில் நீளமான வயர் ஒன்று இருந்தது. அதை டிவியிலிருந்து ஸ்பீக்கருக்கு இழுத்துச் சொருகினேன். கூடத்தின் குறுக்கே கணுக்கால் உயரத்தில் தொங்கியது.

"யாரைத் தடுக்கி விழ வைக்கிறதுக்கு இது?" என்றாள் அம்மா.

"இன்னும் ஒரு தடவை மட்டும் ஆடும்மா. அந்தப் பழைய பாட்டு."

"அது என்னைத் திட்டுற பாட்டாச்சே."

"இந்தத் தடவை திட்டாது."

அன்றைக்கு அம்மா இரண்டு பேர் வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தாள். ஜோடியாக மடிக்கிறவள் விடுப்பு. செவ்வாய்க்கிழமையைவிட முகம் வாடியிருந்தது. ஆனாலும் ஏறினாள். கொக்கின் பாட்டு ஓடியது. சரி. சரி. சரி. ஒரு தாமதம்கூட இல்லை. கடைசியில் திரை முழுக்கப் பச்சை.

அம்மா திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. நீ முன்னாடியும் சரியாத்தான் ஆடியிருக்க. சத்தம்தான் தாமதமா வந்திருக்கு. நீ சத்தத்தைக் கேட்டு மிதிச்சிருக்க."

"பின்ன, சத்தத்தைக் கேக்காம வேற எதைக் கேக்கிறது?" சோபாவில் உட்கார்ந்தாள். "களைப்புன்னு சொன்னியே."

நான் மேட்டைச் சுருட்டத் தொடங்கினேன்.

"இழு, உதறு, மடி, நடன்னு நாலு அடிடீ எங்களுக்கு. ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் எதிர்ல நிக்கிறவ கையிலேருந்து விரிப்பு நழுவிடும். இருபத்தொரு வருஷத்துல என்னால ஒண்ணும் நழுவினதில்ல. களைப்பு உடம்புலதான். காதுல எதுக்கு வரப்போகுது?" குரலில் கோபம் இல்லை. பாதத்தை அமுக்கிக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பது மிதியும் ஒரே அளவில் பிந்தியிருந்ததை எழுதி வைத்தவள் நான். களைப்பு அப்படி அளவெடுத்தா வரும்?

வெள்ளிக்கிழமை காலை கொக்கிடம் சொன்னேன். அவர் ஒற்றைக் காலில் நின்று கேட்டார்.

"அமைப்புகள்ல ஒலித் தாமதத்தைச் சரிபண்ற திரை இருக்கே. பார்க்கலையா நீ?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"அம்மாதான் தாமதம்னு நினைச்சேன்."

அவர் மற்றக் காலையும் கீழே வைத்தார். "எல்லாத்தையும் பழைய இடத்துக்குத் தள்ளு. ஒரே எண்தானே, அரை நிமிஷ வேலை. மேடத்தை நான் கூட்டிட்டு வரேன்."

மேடம் மூன்றரைக்குத்தான் வந்தார். வாரக் கடைசி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வேண்டாவெறுப்பாக மேட்டில் ஏறினார். சரி, சரி என்று வந்தது. பாதிப் பாட்டில் அவருடைய தோள் இறங்குவதைப் பார்த்தேன். முடிந்த பிறகும் இறங்காமல் நின்றார்.

"மூச்சு வாங்கல" என்றார், புகார் சொல்வது போல. "இன்னொரு தடவை போடு."

இரண்டாம் தடவை ஆடிவிட்டுப் பட்டியலை எடுத்து, வேகப் பாட்டை அடித்துவிட்டு என்னுடையதை எழுதினார். கொக்கு பெருமூச்சு விட்டார். "வச்சுக்கிறேன் மேடம். வீட்ல கேக்கிறேன்."

"முப்பதாவது" என்றார் மேடம். "வழக்கம்போலப் பூட்டு. மத்த இருபத்தொன்பதையும் ஆடி முடிச்சாத் திறக்கும்."

நாற்காலி கிடைத்துவிட்டது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வழக்கமாக அதைத்தான் செய்வேன். வீட்டுக்குப் போய்ச் சந்தேகப் பத்தியில் எழுதிக்கொள்வேன். அன்றைக்கு அவ்வளவு நேரம் வாயை அடக்கி வைக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

"இருபத்தொன்பதையும் ஆடி முடிக்க முடிஞ்சவங்களுக்கு இந்தப் பாட்டு எதுக்கு மேடம்?"

கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். மேடம் என்னை, புதிதாக வந்த மேட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"முதல் பாட்டா வைக்க முடியாது. முதல் பாட்டுதான் கடையில ஓடும். கொட்டாவி விட்டா யார் வாங்குவாங்க?"

"இடம் முப்பதே இருக்கட்டும். பூட்டு மட்டும் வேண்டாம்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பேனாவால் பூட்டுக் குறியை அடித்தார். "சரி. இன்னும் ஏதாவது இருக்கா? இருந்தாச் சொல்லாத."

சனிக்கிழமை பிற்பகல் புதிய பட்டியலைப் பெட்டியில் ஏற்றி, அம்மா முன்னால் மேட்டை விரித்தேன். வயர் குறுக்கே தொங்கியபடியே இருந்தது. இரண்டு நாளில் எங்கள் கால்கள் அதைப் பார்க்காமலே தாண்டப் பழகிவிட்டிருந்தன.

"எத்தனை பாட்டுடீ இதுல?" அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "உன்னோடது எங்க?"

"கடைசியில."

"அதுவரைக்கும் இருபத்தொன்பது தடவை மிதிச்சுக் கீழ போகணுமா? அதுக்குள்ள எனக்கு விடிஞ்சிடும்."

"கீழ போகாத. மேல் அம்பை ஒரு தடவை மிதி. பட்டியல் சுத்தி வந்து கடைசியில நிக்கும்."

அம்மா வலது காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்தாள். என் பாட்டு வந்து நின்றது.

"இவ்வளவுதானா?" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.