எருமை வெடித்த சாயங்காலம்

அன்று காலையிலிருந்தே அண்ணிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பசி என்று நினைத்தால் தப்பு. அவளுடைய அடுப்படியில் வேறொருவன் வந்து நின்றுவிட்டான், அதுவும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு.

அடுப்படி என்றால் சுவரும் கூரையும் கிடையாது. மலைச்சரிவில் புதரை வெட்டித் திருத்திய ஒரு துண்டு நிலம், நடுவில் கல்லை வட்டமாக அடுக்கிய குழி, குழிக்குள் நெருப்பு, பக்கத்தில் தார்ப்பாய் கட்டிய சாமான் கொட்டகை. கரண்டுக் கம்பி இழுக்கிற கோஷ்டி எங்கே கூடாரம் போடுகிறதோ அங்கே இந்த அடுப்படியும் போகும். கோஷ்டியின் மேஸ்திரி, செத்துப்போன அவள் புருஷனுக்குத் தம்பி. அவன் அண்ணி என்று கூப்பிடப் போய், டவரில் ஏறுகிறவன் முதல் லாரி ஓட்டுகிறவன் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

புருஷன் போன புதிதில் ஒரு வருஷம் அக்கா வீட்டில் இருந்து பார்த்தாள். ஃபேன் போட வேண்டுமென்றால் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்ள அக்கா புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். இங்கே காட்டில் அவள் முகத்தைத்தான் ஒன்பது ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தச் சுகத்தை யாருக்காவது விட்டுக்கொடுப்பாளா?

வெள்ளைக் கோட்டுக்காரன் மேஸ்திரியின் புதுப் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஹோட்டல் படிப்பு படித்தவன். பெரிய ஹோட்டலில் சேர்ந்து, சேர்ந்த வேகத்திலேயே வெளியே வந்தவன். ஏன் வந்தான் என்று கேட்டால் அவன் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். வேலையில்லாத தம்பி, புதுப் பெண்டாட்டி, வளைந்துகொடுக்கிற புருஷன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைசியில் இடிப்பது அண்ணியின் தலையில்தான்.

மேஸ்திரி டீ குடிக்கிற சாக்கில் வந்து விஷயத்தைச் சொன்னான்.

"இன்னிக்கு ராத்திரி சாப்பாடு மச்சான் செய்யட்டும் அண்ணி. பசங்க சாப்பிட்டுட்டுச் சொல்லட்டும். நல்லா இருந்தா அடுப்ப அவன் பாத்துக்குவான். நீங்களும் எத்தன நாளைக்குத்தான் புகையில கண்ணக் கசக்கிக்கிட்டு இருப்பீங்க? அக்கா வீட்டுல நிம்மதியா இருங்க."

"என் நிம்மதி இங்கதான் இருக்கு. அத நீ தேடித் தர வேணாம்."

"இப்படிப் பேசுறீங்க பாருங்க, இதத்தான் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாள் குறுக்க பேசாதீங்க. அவன் எப்படிச் செய்றானோ அது அவன் பாடு. நீங்க வாயத் தொறந்தாலே கை நடுங்குதுங்கறான்."

"சரிப்பா. நான் வாயத் தொறக்கல."

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அண்ணி சிரித்தால் ஏதோ இருக்கிறது என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் புது மாப்பிள்ளைக்கு மூளை பாதி நேரம் வீட்டில்தானே இருக்கும்.

அந்த அடுப்படியின் ராஜா ஒரு வார்ப்பிரும்புப் பானை. மூன்று குட்டைக் கால், விரல் கனத்துக்கு உடம்பு, விளிம்பு தூக்கிய தட்டையான மூடி. கறுப்பு நிறமும் இடத்தைவிட்டு அசையாத குணமும் பார்த்துக் கோஷ்டி அதற்கு எருமை என்று பேர் வைத்திருந்தது. எருமையை எரிகிற தீயில் வைக்கக் கூடாது. கட்டை எரிந்து தணிந்த பிறகு, அடியில் கொஞ்சம் கங்கு, மூடிமேல் அதைவிட நிறைய கங்கு, அவ்வளவுதான். கறியும் கிழங்கும் உள்ளே போட்டு மூடினால் கோஷ்டி டவரிலிருந்து இறங்கும்போது வெண்ணெயாக வெந்திருக்கும். அதிலேயே ரொட்டியும் சுடலாம், மேலும் கீழும் ஒரே மாதிரி சிவக்கும். சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், நெருப்பில் காய்ந்திருக்கும்போது பச்சைத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் வெடித்துவிடும். எருமைக்கு முன்னால் இருந்த பானை, புருஷன் இருந்த காலத்தில், அடுப்பில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டு அப்படித்தான் இரண்டாகப் போனது. அதைப் பார்த்தவர்களில் இன்று கோஷ்டியில் மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் காற்று அதிகமாக இருந்ததால் டவர் வேலை சீக்கிரமே நின்றது. வெள்ளைக் கோட்டுக்காரன் கைகளைத் தேய்த்துக்கொண்டு குழிக்கு வந்தான்.

"இதுக்குப் பேரு டச்சு ஓவன்க்கா. வெளியூருல எல்லாம் இதுல கேக்கே செய்வாங்க."

அண்ணி முக்காலியில் உட்கார்ந்து டீயை உறிஞ்சினாள். "இங்க அதுக்குப் பேரு எருமை. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் அல்லவா.

அவளுக்குப் பக்கத்தில், நெருப்பை ஒட்டிக் கிடந்த அடிமரத்தில் ஏணி உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். ஆள் உயரத்தைப் பார்த்து வைத்த பேர் அது. எந்த டவரிலும் முதலில் ஏறுகிறவன் அவன்தான். அண்ணி சமையலுக்கு அவனைப் போல வக்காலத்து வாங்குகிறவன் கோஷ்டியில் கிடையாது. உப்பு கூடிப்போன அன்றுகூட இரண்டாம் தடவை தட்டை நீட்டியவன். கத்தியோடு கிட்டே சாய்ந்து, காதோடு காதாகச் சொன்னான்.

"அவன் தேவாமிர்தமே செஞ்சாலும் நான் தூன்னு துப்பத்தான் போறேன் அண்ணி. நீங்க கவலப்படாதீங்க."

அண்ணிக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

வெள்ளைக் கோட்டுக்காரன் கங்குக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நாலு கட்டையைச் சேர்த்துப் போட்டு, தீ நாக்கை நீட்டி ஆடும்போதே எருமையைத் தூக்கி நடுவில் வைத்தான். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான். வெங்காயத்தை அள்ளிப் போட்டான். கத்தியைச் சுழற்றி வெட்டினதென்னவோ அழகுதான், அதை அண்ணியும் ஒத்துக்கொள்வாள். பிறகு எதையோ மறந்துபோய்க் கொட்டகைக்குள் நுழைந்தான். மிளகுப்பொடி டப்பாவைத் தேடித் தேடி உருட்டுகிற சத்தம் கேட்டது. அந்த டப்பாவை வேறு இடத்தில் வைத்தவள் யார் என்று கேட்காதீர்கள்.

அவன் திரும்பி வருவதற்குள் வெங்காயம் கறுத்து, எண்ணெய் புகைந்து, பானைக்குள் குப்பென்று தீப்பிடித்துக்கொண்டது.

"தம்பி, சட்டிக்குள்ளயே அடுப்பு எரியுது பாரு" என்று ஏணி சிரித்தான்.

மூடியை எடுத்து மூடினால் தீர்ந்தது கதை. காற்று இல்லாமல் தீ தானே அணைந்துவிடும். மூடி அண்ணியின் காலடியில்தான் சாய்த்து வைத்திருந்தது. வெள்ளைக் கோட்டுக்காரனுக்கு மூடி கண்ணில் படவில்லை. காலி வாளிதான் பட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான்.

தொட்டி கூடாரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடிப் போய், மொண்டு, ததும்பாமல் தூக்கி வர நேரம் ஆகும். ஒரு வார்த்தை சொல்ல அதில் கால்வாசி நேரம் போதும். வேண்டாம் என்பது ஒரு வார்த்தைதான்.

அண்ணிக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஊற்றட்டும், ஊற்றிவிட்டு ஊர் போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தாள். பேசாதே என்று சொன்னவர்களுக்குப் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியட்டும். எருமை போனால் போகட்டும், மேஸ்திரி வேறு வாங்கித் தருவான், அடுப்பு மிஞ்சும். அவன் வாளியோடு திரும்பி வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். டீ டம்ளரை எடுத்தாள். முக்காலியை இழுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

வாளி கவிழ்ந்தது.

எருமை பெரிதாகச் சத்தம் போடவில்லை. காய்ந்த கட்டை பிளக்கிற மாதிரி ஒரே ஒரு சத்தம். ஆனால் எரிகிற எண்ணெய்மேல் தண்ணீர் பட்டதில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது, பிளந்த பக்கமாகக் கொதிக்கிற எண்ணெய் சீறிக்கொண்டு வெளியே வந்தது, ஆவியும் சாம்பலும் சேர்ந்து எதுவும் தெரியவில்லை. ஏணி கத்தினது மட்டும் கேட்டது.

புகை கொஞ்சம் விலகியபோது வெள்ளைக் கோட்டுக்காரன் பின்பக்கமாக விழுந்து கிடந்தான். புருவம் கருகியிருந்தது, வேறொன்றும் இல்லை. ஏணிக்குத்தான் வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துவிட்டது. தோல் ஈரக் காகிதமாக உரிந்து தொங்கியது. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரைக் கையில் ஊற்றினார்கள். லாரி டிரைவர் வண்டியைக் கிளப்ப ஓடினான்.

மேஸ்திரி வந்து பார்த்தான். விளிம்பிலிருந்து அடி வரை பிளந்து கிடந்த பானையைப் பார்த்தான், வெள்ளைக் கோட்டுக்காரனைப் பார்த்தான்.

"என்னடா செஞ்ச?"

"தீ அணைக்கத்தான் மாமா..."

"வாய மூடு. ஒரு ஆளோட கைய முடிச்சிட்ட. அவன் இனி எப்ப டவர் ஏறுவான்னு யாருக்குத் தெரியும்? மூட்டையக் கட்டு. உங்கக்காகிட்ட நான் பேசிக்கறேன்." பிறகு அண்ணி பக்கம் திரும்பி, குரலை இறக்கினான். "தப்பு என்மேலதான் அண்ணி. இனிமே அடுப்பு உங்களோடது. நான் தலையிட மாட்டேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எதற்காக வயிறு எரிந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது, எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. கொட்டகைக்குள் போய்ச் சுத்தமான துணி ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்துக்கொண்டு லாரிக்குப் போனாள்.

ஏணியை முன்சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பல் கிட்டித்திருந்தது. அவள் துணியை விரித்துக் கையருகே கொண்டுபோனாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம்."

"தம்பி, காத்து படாம இருந்தா எரிச்சல் அடங்கும். காட்டு."

"முக்காலிய நகத்தினீங்க" என்றான் ஏணி. "நான் பாத்தேன். கிழங்கு சீவிக்கிட்டே பாத்தேன். எதுக்குன்னு அப்பப் புரியல. டீ டம்ளரக்கூட மறக்காம எடுத்துக்கிட்டுப் போனீங்க."

அண்ணி மறுபடி துணியை நீட்டினாள்.

"டம்ளர நகத்தத் தெரிஞ்சுது. பக்கத்துல உக்காந்திருந்த என்னை நகரச் சொல்லத் தெரியலையா?"

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் அண்ணி பக்கம் திரும்பினார்கள். மேஸ்திரி கிட்டே வந்தான்.

"வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் இத்தனை வருஷம் அந்த அடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"நீதானே பேசக் கூடாதுன்னே" என்றாள்.

மேஸ்திரி முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். கோபத்துக்குப் பதில் சொல்ல அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அவனோ லாரியின் பின்பக்கத்தைக் காட்டினான்.

"உங்க பெட்டிய எடுத்துட்டு வந்து ஏறுங்க. ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான் பஸ் ஸ்டாண்டு."

"நான் போயிட்டா இத்தன பேருக்கு ராத்திரி யாரு ஆக்கிப் போடுவா? பட்டினியா கிடப்பீங்களா?"

அவள் ஒவ்வொருவன் முகமாகப் பார்த்தாள். அவள் கையால் மூன்று வேளையும் தின்று உடம்பு தேற்றிய முகங்கள். கம்பி இழுக்கிற விஞ்ச்சு மெஷின் ஓட்டுகிற கிழவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்தான். அமுங்கிப்போன, காலையில் மிஞ்சின பன். அதை இரண்டாகப் பிய்த்து, பக்கத்தில் நின்றவனிடம் பாதியைக் கொடுத்தான்.

"எங்களுக்கு இது போதும்" என்றான், அவளைப் பார்க்காமல்.